பீப்பாயும் கோப்பையும்: ஐபீரிய ஒயின்களின் சுவையும் வரலாறும்

தமிழில் நாம் அன்றாடம் புழங்கும் 'பீப்பாய்' என்னும் சொல், 'பீப்பா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. 'கோப்பை'யும் அவர்களுடைய கப்பலிலிருந்து இறங்கியதே. ஈழத் தமிழர் சமையலறைகளில் வழங்கும் 'வினாகிரி', அம்மக்களின் புளித்துப்போன திராட்சை மதுவின் பெயரன்றி வேறில்லை. கலம் வந்தது; ஊற்றிக் குடிக்கும் ஏனம் வந்தது; கெட்டுப்போன மதுவின் பெயரும் வந்தது. கெடாத மதுவின் பெயர் மட்டும் நம்மிடம் தங்கவில்லை. மலையாளிகள் அதனையும் 'வீஞ்ஞு' என்று வாங்கி வைத்துக்கொண்டனர். நாம் விவிலிய மொழிபெயர்ப்புகளின் வழியே 'திராட்சரசம்' என்றோம். பின்னர் ஆங்கிலேயர் வழியே 'ஒயின்' என்றோம். 'ஒயின் ஷாப்' என்று பலகை மாட்டி ஒயினைத் தவிர மற்றெல்லாம் விற்ற கடைகளால் அச்சொல்லும் நம்மூரில் தன் பொருளை இழந்தது தனிக்கதை.

போர்த்துகல், ஸ்பெயின் ஆகிய இரு நாடுகளின் ஒயின்களை எவ்வாறு சுவைப்பது என்று கற்பிக்கும் நூல்கள் ஆங்கிலத்தில் மலிந்து கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கனிகளின் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. இதில் கருந்திராட்சை மணக்கும், அதில் வாதுமை மணக்கும், இன்னொன்றில் ஆரஞ்சுத்தோல் மணக்கும் என்பார்கள். அவை பொய்யல்ல. ஆயின் இம்மதுக்களின் சுவை திராட்சையால் மட்டும் ஆனதன்று. போரும் சுங்க வரியும் நெடுங்கடற் பயணமும் வேரைத் தின்னும் ஒரு பூச்சியும் சேர்ந்து ஆக்கிய சுவை அது. நாம் இவற்றை அருந்தியது சொற்பமே, படித்தது சற்று மிகுதி. அந்தச் சொற்ப அனுபவத்திலும், வரலாறு அறியாமல் குடித்ததும் அறிந்து குடித்ததும் ஒன்றாக இருக்கவில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர், சுவையை நான்கு படிகளாகப் பகுத்துக் காட்டுவார். சுவைக்கப்படும் பொருள், பொறி அதனை நுகரும் உணர்வு, அவ்வுணர்வு மனத்திற்பட எழும் குறிப்பு, அக்குறிப்பு உடலில் வெளிப்படும் விறல் என்பன அவை. அவர் நாடகச் சுவைக்கும் செய்யுட் சுவைக்கும் வழி வகுத்தாராயினும், ஒயின் சுவைப்போர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து நிறம் பார்க்கிறார்கள். கோப்பையைச் சுழற்றி மணத்தை எழுப்பி முகர்கிறார்கள். ஒரு வாய் கொண்டு நாவெங்கும் உருட்டுகிறார்கள். விழுங்கிய பின் அச்சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று காத்திருக்கிறார்கள். இந்தக் காத்திருத்தலே முதன்மையானது. நல்ல மடெய்ரா ஒயின், விழுங்கி நெடுநேரம் சென்ற பின்னும் அண்ணத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இவ்விடத்தில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் தரும் தன்மையை மேலை நாட்டார் நெடுங்காலம் சுவையென்றே கணக்கிடவில்லை. ஈறு இழுபடும் ஓர் உணர்ச்சியாகத்தான் வைத்தனர். நமக்கு அது துவர்ப்பு, அறுசுவையில் ஒன்று. நெல்லிக்காயும் வாழைப்பூவும் கடுக்காயும் தின்று வளர்ந்த நாவுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. அறுசுவைச் சொற்களைக் கொண்டே இம்மதுக்களை அடையாளம் கண்டுவிடலாம். இளம் போர்ட் ஒயினில் இனிப்பின் அடியில் கடுஞ்துவர்ப்பும், சாராயம் தரும் கார்ப்பும் இருக்கும். மடெய்ராவில் இனிப்பைப் புளிப்பு அறுத்துக்கொண்டு செல்லும். சான்லூக்கர் என்னும் கடலோர ஊரில் முதிரும் மன்சனியா ஒயினில் மெல்லிய உவர்ப்பு தட்டும். பழத்தின் பெயர்களை வலிந்து தேடுவதைக் காட்டிலும் இவ்வழி நமக்கு இயல்பானது என்பது நம் கருத்து.

இனி, அத்துவர்ப்பும் கார்ப்பும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பகை முற்றியது. பிரெஞ்சு ஒயினுக்குத் தடையும் கடும் வரியும் மாறிமாறி வந்தன. குடித்துப் பழகிய ஆங்கிலேயருக்கு வேறு ஊற்று தேவைப்பட்டது. 1703இல் கையெழுத்தான மெத்யூயன் ஒப்பந்தத்தின்படி, ஆங்கிலேயரின் கம்பளித் துணி போர்த்துகலுக்குள் தடையின்றி நுழையும். போர்த்துகீசிய ஒயினுக்கு இங்கிலாந்தில் விதிக்கும் வரி, பிரெஞ்சு ஒயினின் வரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்போகாது. பொருளியல் பயின்றோர் இந்தத் துணியையும் ஒயினையும் உடனே இனங்கண்டுகொள்வர். 1817இல் டேவிட் ரிக்கார்டோ தம் வாணிபக் கோட்பாட்டை விளக்க எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இதுவே. அவர் குடும்பமும் போர்த்துகீசிய யூத மரபில் வந்தது என்பது ஒரு சுவையான தற்செயல். அவர் கணக்கில், குறிப்பிட்ட அளவு ஒயினை ஓராண்டில் ஆக்கப் போர்த்துகலுக்கு 80 பேரின் உழைப்பு வேண்டும். துணிக்கு 90 பேர். இங்கிலாந்துக்கு முறையே 120, 100. கணக்கு அழகானது. அந்த 80 பேர் யார் என்பது அதில் இல்லை.

அவர்கள் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மக்கள். போர்ட்டோ துறைமுகத்திலிருந்து ஆற்றின் வழியே மேலேறிச் சென்றால் வரும் மலைநாடு அது. மண்ணென்று சொல்ல அங்கே ஏதுமில்லை. ஏடேடாக உரியும் அடுக்குப் பாறைதான். அப்பாறையை உடைத்து, உடைத்த கல்லாலேயே சுவரெழுப்பி, மலைச்சரிவைப் படிப்படியாகச் செதுக்கி, கொடியின் வேர் இறங்க இடம் செய்தார்கள். அறுவடைக்கு மலையூர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்குவார்கள். பெண்கள் குலை கொய்வார்கள். ஆண்கள் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட கூடையை முதுகிலேற்றி, நெற்றியில் வார் மாட்டித் தாங்கிக்கொண்டு படியிறங்குவார்கள். இரவில் 'லகார்' எனப்படும் கருங்கல் தொட்டியில் இறங்கி, தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, தலைவன் எண்ணிக்கை சொல்லச் சொல்ல மணிக்கணக்கில் மிதிப்பார்கள். அந்த முதற்கட்டத்துக்குப் பெயர் 'வெட்டு'. அது முடிந்த பின் வரிசை கலைந்து, இசைக்கருவி ஒலிக்க, ஆடிக்கொண்டே மிதிக்கலாம். அதற்குப் பெயர் 'விடுதலை'. பெயர் வைத்தவர்கள் வேலை செய்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வாறு பிழிந்த ஒயின் கடல் தாண்டுவதற்குள் கெட்டது. கெடாதிருக்கச் சிறிதளவு திராட்சைச் சாராயம் சேர்த்தனர். நாளடைவில் நொதித்து முடிந்த பின் சேர்ப்பதை விட்டு, நொதிக்கும்போதே மிகுதியாகச் சேர்க்கும் முறை வந்தது. சாராயம் ஈஸ்ட்டைக் கொன்றுவிடுவதால் நொதித்தல் பாதியில் நின்று, திராட்சையின் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். நான்கு பங்கு சாற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு சாராயம். இன்று போர்ட் ஒயினில் நாம் காணும் இனிப்பும், நூற்றுக்கு இருபது அளவிலான வெறியமும் இவ்வகையில் வந்தவையே. கடற்பயணத்துக்குச் செய்த காப்பு, சந்தையின் விருப்பமாகி, பின்னர் மரபாகிவிட்டது.

கிராக்கி மிகுந்ததும் கலப்படம் மிகுந்தது. வெளிறிய ஒயினுக்குக் கருமை ஏற்ற 'சபுகெய்ரு' என்னும் மரத்தின் கருங்கனிகளைப் பிழிந்து கலந்தனர். விலை சரிந்தது. 1755ஆம் ஆண்டு லிஸ்பன் நிலநடுக்கத்துக்குப் பின் நாட்டை ஆட்டிப்படைத்த அமைச்சர், பின்னாளில் போம்பால் பிரபு என்று அறியப்பட்டவர், 1756 செப்டம்பரில் டோரோவுக்கென ஒரு கம்பெனியை நிறுவினார். எந்த மலைச்சரிவின் ஒயின் ஏற்றுமதிக்கு உரியது என்று எல்லை வகுத்து, அடுத்த சில ஆண்டுகளில் 335 கருங்கல் தூண்களை நட்டார்கள். டஸ்கனியில் 1716இலேயே அரசாணை எல்லை வகுத்ததுண்டு. ஆயினும் கல் நட்டு, தரம் பிரித்து, விலை நிறுவி, ஒரு கம்பெனியைக் காவல் வைத்த ஏற்பாடு டோரோவில்தான் முழுமையாகக் காணக் கிடைக்கிறது. சபுகெய்ரு மரங்களை வேரோடு பிடுங்க ஆணை பிறந்தது.

ஒயின் நூல்கள் இதனைத் தரக்கட்டுப்பாட்டின் பொன்னாளாகக் கொண்டாடும். அடுத்த பக்கத்தைப் பல நூல்கள் புரட்டுவதில்லை. போர்ட்டோ நகரத்து மதுக்கடைகளுக்கு ஒயின் விற்கும் உரிமையும் அக்கம்பெனிக்கே போயிற்று. கடைகள் மூடப்பட்டன, விலை ஏறியது. 1757 பிப்ரவரி 23 அன்று, சாம்பற் புதனன்று, மதுக்கடைக்காரர்களும் கூலிகளும் பெண்களும் தெருவில் இறங்கிக் கம்பெனி அதிகாரியின் இல்லத்தைத் தாக்கினர். இதனைக் 'குடிகாரர் கலகம்' என்று பெயரிட்டு ஏளனம் செய்தனர். தண்டனையில் ஏளனம் இல்லை. அரசத் துரோகம் என்று வழக்கு நடந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் பெண்ணும் உண்டு. தரம் என்ற சொல்லுக்கு இத்தனை விலை உண்டு என்பது, நட்ட கற்களுள் எதிலும் பொறிக்கப்படவில்லை.

அடுத்த நூற்றாண்டில் ஒருவர் இந்தச் சாராயச் சேர்க்கையையே எதிர்த்து எழுந்தார். ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்னும் ஆங்கில வணிகர் அவர். டோரோ ஆற்றை அளந்து வரைபடம் வரைந்தவர். போர்த்துகலின் பரோன் பட்டம் பெற்றவர். 1844இல் அவர் வெளியிட்ட சிறு நூலில், ஒயினைச் சாராயத்தாலும் கருங்கனிச் சாற்றாலும் பாழாக்குகிறார்கள் என்று தம் சக வணிகரையே சாடினார். தூய, உலர்ந்த ஒயினே இம்மண்ணின் இயல்பு என்பது அவர் வாதம். வணிகர்கள் வெகுண்டனர், சந்தை இனிப்பின் பக்கமே நின்றது. 1861 மே மாதத்தில் அவர் வரைந்த அதே ஆற்றில், வலெய்ரா என்னும் பாறைக் குறுக்கில் படகு கவிழ்ந்து மாண்டார். உடன் சென்ற தோனா அந்தோனியா ஃபெரெய்ரா, டோரோவின் மிகப் பெரிய தோட்டக்காரி, தம் அகன்ற பாவாடை காற்றேந்தி மிதக்கப் பிழைத்தார் என்றும், ஃபாரஸ்டரை இடுப்புக் கச்சையிலிருந்த பொற்காசுகள் ஆழ்த்தின என்றும் கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அவரோடு அவர் கட்சியும் மூழ்கியது மெய்.

அந்த 1860களிலேயே அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி டோரோவை எட்டியது. மலைப்படிகள் வெறிச்சோடின. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டும் நட முடிந்தது. நடாமல் விட்ட படிகளை அம்மக்கள் 'மொர்தோரியு' என்கின்றனர். சாவை உள்ளடக்கிய சொல் அது. புதரும் ஒலிவ மரமும் மண்டிய அப்படிகளை இன்றும் அங்கே காணலாம்.

ரிக்கார்டோவின் கணக்கில் விடுபட்டவர்களை இலக்கியம்தான் எழுதியது. அப்பகுதி உழவர் குடியில் பிறந்த மருத்துவர் மிகேல் டோர்கா 1945இல் 'அறுவடை' என்று பொருள்படும் 'விந்திமா' நாவலை வெளியிட்டார். நவயதார்த்தவாதியான அல்வெஸ் ரெடோல் 1949 முதல் 1953 வரை போர்ட் ஒயின் நாட்டைப் பற்றி மூன்று நாவல்கள் எழுதினார். இறுதி நாவலின் தலைப்பு 'இரத்த அறுவடை'. சலாசாரின் சர்வாதிகாரத்தின் கீழ் எழுதப்பட்டவை இவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இவை தமிழுக்கு வர வேண்டும் என்பது நம் ஆசை. 'எரியும் பனிக்காடு' நூலின் வழியே தேயிலையின் மறுபக்கத்தைத் தமிழில் கண்டவர்களுக்கு இவை அந்நியமாக இரா.

டோரோவிலிருந்து தெற்கே, ஸ்பெயினின் ஆண்டலூசியாவுக்குச் சென்றால் சிக்கல் வேறு, தீர்வும் வேறு. ஹெரெஸ் நகரின் அரபுப் பெயர் ஷெரிஷ். அதுவே ஆங்கிலேயர் வாயில் ஷெர்ரி ஆயிற்று. 1587இல் காதிஸ் துறைமுகத்தைத் தாக்கிய பிரான்சிஸ் டிரேக் ஏறத்தாழ மூவாயிரம் பீப்பாய் ஒயினைக் கவர்ந்து சென்றதாகச் சொல்வர். ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் மேடையில் ஷெர்ரியின் புகழை நீட்டி முழக்கியது அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னர்தான். கொள்ளைப் பொருளுக்கும் இலக்கியத்தில் இடம் உண்டு போலும்.

இந்நகரத்தார் பீப்பாயை முழுதும் நிரப்புவதில்லை. மேலே விட்ட வெற்றிடத்தில், ஒயினின் முகத்தில் ஈஸ்ட் ஓர் ஆடையாகப் படரும். நம் வீட்டில் ஊறுகாய்ச் சாடியில் இப்படி ஏதேனும் படர்ந்தால் 'பூத்துவிட்டது' என்று கொட்டிவிடுவோம். அவர்களும் அதனைப் 'பூ' என்றே, 'ஃப்ளோர்' என்றே, அழைக்கின்றனர், ஆனால் கொட்டுவதில்லை. அந்த ஆடை காற்றைத் தடுத்து ஒயினைக் காக்கும். ஒயினில் உள்ளவற்றை உண்டு அதனை முற்றிலும் உலர்த்தும். ஃபினோ, மன்சனியா ஒயின்களின் வாதுமை மணமும் புளித்த மாவின் வாசனையும் அதன் கொடை. சாராயத்தை நூற்றுக்குப் பதினைந்தளவில் நிறுத்தினால் பூ உயிர் வாழும். பதினேழுக்கு மேல் ஏற்றினால் பூ மடிய, ஒயின் காற்றோடு உறவாடிக் கருத்து ஒலரோசோ ஆகும். பின்னர் அடுக்கடுக்கான பீப்பாய்களில் அடியிலுள்ள பழையதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, குறைந்த அளவை மேலடுக்கிலுள்ள இளையதைக் கொண்டு நிரப்பிக்கொண்டே வருவர். எந்நாளும் பீப்பாய் காலியாவதில்லை. நேற்றைய மோரை இன்றைய பாலுக்கு உறையாக ஊற்றும் நம் வீட்டு வழக்கத்தின் மரபுதான் இந்த 'சொலேரா'. ஒரு கோப்பை ஷெர்ரியில் எந்த ஆண்டின் ஒயின் என்று கேட்க முடியாது. எல்லா ஆண்டும் உண்டு.

அவற்றுள் 1892ஆம் ஆண்டும் ஒன்று. அவ்வாண்டு ஜனவரி 8 இரவில், சிறையிலிருந்த தோழர்களை மீட்கப் பல நூறு வயற்கூலிகள் ஹெரெஸ் நகருக்குள் புகுந்தனர். எழுச்சி விடிவதற்குள் அடங்கிவிட்டது. பிப்ரவரி 10 அன்று நால்வரைக் கழுத்து நெரிக்கும் கருவியில் கட்டிக் கொன்றனர். பிளாஸ்கோ இபான்யேஸ் 1905இல் எழுதிய 'லா போதேகா' நாவலுக்கு இதுவே கரு. போதேகா என்றால் ஒயின் முதிரும் கிடங்கு.

ஸ்பெயினின் வடக்கே ரியோஹாவில் கதை சுருக்கமானது. பிரான்சின் போர்தோ திராட்சைகளைப் பூச்சி தின்றபோது அந்நாட்டு வணிகர்கள் பிரனீஸ் மலையைத் தாண்டி வந்தனர். 225 லிட்டர் ஓக் பீப்பாய்ப் பழக்கம் வேர் கொண்டது. ரியோஹா சிவப்பில் வனிலா மணத்தால் மயங்குவோர், அது திராட்சையினதன்று, அமெரிக்க ஓக் மரத்தினது என்று அறிவது நலம்.

மடெய்ராவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும்; நம் கடற்கரையோடு நேர்த்தொடர்புடையது அது ஒன்றே. அட்லாண்டிக் தீவான மடெய்ராவில் தண்ணீரும் உணவும் ஏற்ற நின்ற கப்பல்கள் ஒயினையும் ஏற்றின. வெப்பமண்டலத்தைத் தாண்டி இந்தியா வரும்போது கப்பலின் அடித்தளத்தில் பீப்பாய்கள் மாதக்கணக்கில் வெந்தன. வேறெந்த ஒயினும் கெட்டிருக்கும். இதுவோ மேம்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டையின் ஆங்கிலேயர் மேசைகளில் மிகுதியாக ஓடியது இதுவே. விற்காமல் திரும்பிச் சென்ற பீப்பாய்க்கு லண்டனில் கூடுதல் விலை கிடைக்கவே, திரும்பி வருவதற்கென்றே ஒயினை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கினர். 'சுற்றி வந்த ஒயின்' என்பது அதன் பெயர். பின்னர் பயணச் செலவை மிச்சப்படுத்த, தொட்டியில் இட்டுச் சூடேற்றியும், வெயில் காயும் மாடங்களில் ஆண்டுக்கணக்கில் வைத்தும் அப்பயணத்தைத் தீவிலேயே நடித்துக் காட்டினர். இன்றும் அவ்வாறே. மடெய்ராவில் தட்டும் கருகிய சர்க்கரைச் சுவை, நம் வழிக் கடல்களின் வெப்பத்தை நகலெடுத்தது என்றால் மிகையன்று.

மூழ்கிய ஃபாரஸ்டரின் கட்சி மேலெழ ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. 1952இல் பெர்னாண்டோ நிக்கொலாவ் தெ அல்மெய்தா என்பவர், தோனா அந்தோனியா உருவாக்கிய தோட்டம் ஒன்றில், சாராயம் சேர்க்காத 'பார்கா வெல்யா' சிவப்பு ஒயினை ஆக்கினார். மின்சாரம் இல்லாத அவ்விடத்தில் நொதிக்கும் தொட்டியைக் குளிர்விக்க, போர்ட்டோவை அடுத்த மீன்பிடித் துறையிலிருந்து பனிக்கட்டியை வண்டியேற்றிக் கொண்டுவந்தார்கள். இன்று டோரோவின் உலர்ந்த ஒயின்கள் போர்ட்டுக்கு நிகராகப் போற்றப்படுகின்றன. ஆறும் மாறிவிட்டது, அணைகள் வலெய்ராவின் சுழலை அமைதியான நீருக்கடியில் புதைத்துவிட்டன.

மிதிப்பதற்கு இப்போது ஆள் கிடைப்பதரிது. 1990களின் இறுதியிலிருந்து சில பெருநிறுவனங்கள் எஃகுத் தொட்டியில் இயந்திரக் கால்களை இறக்கியிருக்கின்றன. அழுத்தி நசுக்கும் இயந்திரங்கள் முன்பே இருந்தன. அவற்றில் விதை உடைந்து ஒயினில் கைப்பு ஏறியது. மனிதப் பாதம் தோலைக் கிழிக்கும், விதையை உடைக்காது. துவர்ப்பு வேண்டும், கைப்பு கூடாது. ஆகவே புதிய இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் சிலிக்கோன் பாதங்கள் பொருத்தியிருக்கிறார்கள்.